நடுத்தர நகரத்தில் கலை, இசை, போராட்டம்: சுவரைத் தேடும் முன் ஒரு கூடம் தேடுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்களுடையது பெருநகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. ஓவியம் வரைபவர்கள், பாடுபவர்கள், பொதுப் பிரச்சினைகளுக்குக் குரல் கொடுப்பவர்கள் என்று கொஞ்சம் பேர் அங்கங்கே சிதறி இருக்கிறோம். எல்லாரையும் சேர்த்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? மாநகராட்சியே சுவரோவிய விழா நடத்தக் கூப்பிடுகிறது, போகலாமா வேண்டாமா?"

முடியும். பெருநகரத்தைவிட உங்கள் நகரம் இதற்குத் தோதானது என்றே சொல்வேன். கலையும் போராட்டமும் கைகோத்த கதைகளில் நினைவில் நிற்கும் பலவும் சில லட்சம் பேர், சில ஆயிரம் பேர் வாழும் ஊர்களில்தான் நடந்திருக்கின்றன. காரணம் எளிது. நடுத்தர நகரத்தில் யாரும் யாருக்கும் ரொம்ப தூரத்தில் இல்லை. தபேலா வாசிப்பவரின் அக்கா அரசு மருத்துவமனையில் செவிலியர், சுவர் கொடுக்கும் கடைக்காரரின் மகன் உங்கள் நண்பனோடு படித்தவன், கவுன்சிலர் உங்கள் ஆசிரியரின் பழைய மாணவர். பெருநகரத்தில் இப்படி ஒரு வலையைப் பின்ன வருடங்கள் ஆகும். சிக்கலும் அதே காரணத்தால்தான் வருகிறது. இரண்டு பேருக்குள் சண்டை வந்தால் போய்ச் சேர வேறு குழு கிடையாது, நல்ல கூடம் ஒன்றுதான் இருக்கும், திறமைசாலிகள் படிப்பு முடிந்ததும் பெருநகரத்துக்கு ரயிலேறிவிடுவார்கள். ஆகவே உங்கள் முதல் வேலை சுவரும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு கூடம். வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்திருக்கும் ஓர் இடம். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குச் சில ஊர்களின் கதைகளைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்று ஓர் ஊர். 1960இல் அங்கே சுமார் 56,000 பேர். 1961இன் இறுதியில் நிறவெறிக்கு எதிரான இயக்கம் அங்கே வெடித்தது. எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அமைப்பிலிருந்து சார்லஸ் ஷெராட், கார்டெல் ரீகன் என்ற இரண்டு இளைஞர்கள் வந்து வேலை தொடங்கியிருந்தார்கள். கூட்டங்கள் நடந்தது தேவாலயங்களில். அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: அந்த மக்களுக்குப் பாட யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஞாயிறுதோறும் சேர்ந்து பாடிய தொண்டைகள் அவை. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், கூட்டம் வாங்கிப் பாடும். பழைய பக்திப் பாடலில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் அது போராட்டப் பாடல். அந்த இடத்தில் சிறை என்று போடலாம், காவல்துறைத் தலைவரின் பெயரைப் போடலாம், நாளைக்கு வேறு ஒன்றைப் போடலாம். புத்தகம் வேண்டாம், ஒத்திகை வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். சிறையில் அடைத்தாலும் அடுத்த அறைக்குப் பாட்டு போய்ச் சேரும். உள்ளூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெர்னிஸ் ஜான்சன் என்ற பெண் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக அந்தக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். 1962இல் அவரும் ருத்தா மே ஹாரிஸ், சார்லஸ் நெப்லெட், கார்டெல் ரீகன் ஆகியோரும் சேர்ந்து 'ஃப்ரீடம் சிங்கர்ஸ்' என்ற நால்வர் குழுவானார்கள். ஒரே காரில் நாடு முழுக்கச் சுற்றி, பாடி, இயக்கத்துக்குப் பணம் திரட்டினார்கள். போராட்டச் செய்தி பத்திரிகையில் வராத ஊர்களுக்கும் அது இவர்கள் குரலில் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆல்பனி போராட்டம் அப்போது தோல்வி என்றுதான் எழுதப்பட்டது. அந்த ஊர்க் காவல்துறைத் தலைவர் லாரி ப்ரிட்செட் கெட்டிக்காரர். கேமராவுக்கு முன்னால் அடிதடி நடக்காமல் பார்த்துக்கொண்டார், கைதானவர்களைச் சுற்றுவட்டாரச் சிறைகளுக்கெல்லாம் பிரித்து அனுப்பினார். 1962 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் கையில் பெரிதாக எதுவும் இல்லாமல் அந்த ஊரை விட்டுக் கிளம்பினார். ஆனால் ஊர்க்காரர்கள் எங்கும் போகவில்லை, ஷெராடும் போகவில்லை. 1969இல் அவரும் தோழர்களும் ஆல்பனிக்குப் பக்கத்திலேயே 5,700 ஏக்கருக்கும் மேல் நிலம் வாங்கி 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற பொது நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள், அதாவது நிலம் தனியாருக்குப் போகாமல் ஊருக்குப் பொதுவாக இருக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல் முயற்சி. ஓட்டுப் போடப் போன கறுப்பினக் குடும்பங்களை நிலச்சொந்தக்காரர்கள் வீட்டை விட்டுத் துரத்திய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. காலடியில் இருக்கும் மண் யாருடையது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வறட்சியும், அரசுக் கடன் தருவதில் காட்டப்பட்ட பாகுபாடும் சேர்ந்து 1985இல் அந்த நிலம் கைவிட்டுப் போனது. 2009இல் அந்தப் பாகுபாட்டுக்காக சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்து, அதை வைத்துத் திரும்பவும் நிலம் வாங்கினார்கள். பொது நில அறக்கட்டளை என்ற வடிவம் அதற்குள் எத்தனையோ நகரங்களுக்குப் பரவியிருந்தது.

பாட்டில் ஆரம்பித்து நிலப் பத்திரத்தில் வந்து நிற்கிறேனே என்று தோன்றலாம். இரண்டும் ஒரே விஷயம்தான் என்பதற்கு ப்ராவிடன்ஸ் நகரத்தைப் பாருங்கள். ரோட் ஐலண்ட் மாநிலத் தலைநகர், சுமார் 1,90,000 பேர். அங்கே ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு கலைக்கூடங்கள் இருந்தன. ஒன்று ஃபோர்ட் தண்டர். 1995இல் பழைய ஜவுளி ஆலைக் கிடங்கின் இரண்டாவது தளத்தை வாடகைக்கு எடுத்து இளம் ஓவியர்களும் இசைக்காரர்களும் குடியேறினார்கள். கையால் அச்சடித்த சுவரொட்டிகள், காமிக்ஸ், காதைப் பிளக்கும் இசை நிகழ்ச்சிகள் என்று அங்கிருந்து வந்த வேலைக்கு உலக அளவில் பெயர் கிடைத்தது. ஆனால் கட்டிடம் அவர்களுடையது இல்லை. வணிக வளாகம் கட்ட முடிவாயிற்று, 2001இல் வெளியேற்றப்பட்டார்கள், பிறகு கிடங்கு தரைமட்டம். ஊரார் சேர்ந்து போராடியதில் பக்கத்திலிருந்த சில ஆலைக் கட்டிடங்கள் தப்பின, இது தப்பவில்லை. அந்தக் கூடத்தில் உருவான ஒரு குழுவின் படைப்புகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவை உருவான கூரையை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

இன்னொன்று ஏ.எஸ்.220. 1985இல் அம்பெர்ட்டோ க்ரென்சாவும் நண்பர்களும் 800 டாலரோடு தொடங்கியது. தேர்வுக்குழு கிடையாது, தணிக்கை கிடையாது, அந்த மாநிலத்தில் வாழும் யார் வேண்டுமானாலும் தங்கள் வேலையைக் காட்டலாம் என்பதுதான் கொள்கை. 1990களின் தொடக்கத்தில், நகரத்தின் மையப்பகுதி ஆளரவமற்றுக் கிடந்தபோது, யாரும் சீந்தாத ஒரு கட்டிடத்தை வாங்கினார்கள். அப்புறம் இன்னும் இரண்டு. கீழ்த்தளத்தில் கடையும் உணவகமும், மேலே கலைஞர்கள் குறைந்த வாடகையில் வாழும் வீடுகள், நடுவில் அச்சுக்கூடமும் மேடையும். மாநிலத்தின் சிறார் சீர்திருத்த இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள், வெளியே வந்த பிறகும் அவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. கலைத்தரத்தில் எது மேல் என்று கேட்டால் ஃபோர்ட் தண்டரைச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், நானும் மறுக்க மாட்டேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கும் ஏறிப்போகப் படி இருப்பது ஏ.எஸ்.220இல்தான்.

இதற்காக உடனே கட்டிடம் வாங்கக் கிளம்ப வேண்டாம். கோயில் மண்டபம், தேவாலயக் கூடம், தொழிற்சங்க அலுவலகம், நூலகத்தின் மாடி, பள்ளிக்கூடத்தின் சனிக்கிழமை வகுப்பறை என்று யாரோ ஏற்கனவே வைத்திருக்கும் இடத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் தொடங்குகின்றன. ஆனால் முதல் நாளிலிருந்தே இரண்டு கேள்விகளை நோட்டில் எழுதி வையுங்கள்: இந்த இடத்தை விட்டுப் போகச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நாம் அவருக்குப் பிடிக்காத ஒன்றைப் பேசினால் என்ன ஆகும்? பதில் சங்கடமாக இருந்தாலும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வாய்மொழிச் சம்மதத்தை மூன்று வருட எழுத்துக் குத்தகையாக மாற்றினாலே பெரிய மாற்றம் தெரியும். ஆட்கள் தங்கள் கருவிகளை விட்டுவிட்டுப் போவார்கள், அலமாரி வாங்குவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள்.

சரி, கூடம் கிடைத்துவிட்டது, என்ன செய்வது? பாடுங்கள். ஓவியர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் தொடக்கத்துக்கு இசைதான் நல்லது. ஓவியம் வரையும்போது ஒருவர் கை வேலை செய்யும், பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பாட்டு எல்லார் வாயையும் திறக்க வைக்கும். பாடல் தேர்வில் மட்டும் கவனம் தேவை: குரல் ரொம்ப மேலே போகாத மெட்டு, ஒரே தடவை கேட்டால் பிடித்துக்கொள்ளும் பல்லவி, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் அமைப்பு. நல்ல பாடகர் ஒருவர் தன் திறமையைக் காட்டும் சங்கதிகள் கச்சேரிக்கு அழகு, ஆனால் ஊர்வலத்தில் அவர் மட்டும்தான் பாடிக்கொண்டு போவார். சேர்ந்து பாடப் பழகியவர்களுக்குச் சேர்ந்து மூச்சு விடவும், ஒருவர் நிறுத்தும் இடத்தில் இன்னொருவர் எடுக்கவும் வந்துவிடுகிறது. கூட்டத்தில் யாரோ கல்லெறியத் தூண்டும்போது, பதறாமல் எல்லாரையும் ஓரிடத்தில் நிற்க வைக்க இந்தப் பழக்கம் உதவுகிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு, பால்டிக் கடலோரத்தில் இருக்கும் சின்ன நாடான எஸ்தோனியாவைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1869இல் தார்த்து என்ற பல்கலைக்கழக நகரத்தில் வனெமூயினெ என்ற இசைச் சங்கம் முதல் நாடு தழுவிய பாட்டு விழாவை நடத்தியது. கலந்துகொண்டவர்கள் எண்ணூறு சொச்சம் பேர், எல்லாரும் ஆண்கள். அதன் பிறகு ஊருக்கு ஊர் சேர்ந்திசைக் குழுக்கள் முளைத்தன. பேரரசுகள் மாறின, சோவியத் ஆட்சி வந்தது, விழா மேடையில் ஆட்சியாளர்களைப் புகழும் பாடல்களைப் பாட வேண்டியிருந்தது. ஆனாலும் வாராந்தர ஒத்திகை நிற்கவில்லை. 1960 விழாவில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு தாய்நாட்டுப் பாடலை, 1869 விழாவில் ஒலித்த கவிதையின் புதிய மெட்டை, பாடகர்கள் தாங்களாகவே எடுத்தார்கள். 1988 மே மாதம் அதே தார்த்துவில் நடந்த பாப் இசை விழாவில் புதிய தேசபக்திப் பாடல்கள் அரங்கேறின, அந்தக் கோடையில் தலைநகர் தாலினில் இரவு இரவாக ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடினார்கள், செப்டம்பர் 11 அன்று விழா மைதானத்தில் திரண்ட கூட்டம் லட்சங்களைத் தொட்டது. 1991 ஆகஸ்டில் சுதந்திரம். இதைப் பாட்டால் மட்டுமே கிடைத்த விடுதலை என்று சொன்னால் அது மிகை. மாஸ்கோவில் நடந்த மாற்றங்களும், எஸ்தோனிய அரசியல் அமைப்புகளின் நிதானமான வேலையும் அதில் உண்டு. ஆனால் 1988இல் அத்தனை பேர் பயமில்லாமல் ஓரிடத்தில் கூடவும், கூடியபின் கலையாமல் நிற்கவும் முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் நூற்றுப் பத்தொன்பது வருட ஒத்திகை இருந்தது.

உங்களிடம் அவ்வளவு காலம் இல்லை என்பது தெரியும். பிரிஸ்டல் நகரத்தின் கணக்கு உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். இங்கிலாந்தின் மேற்கில் சுமார் நாலே முக்கால் லட்சம் பேர் வாழும் துறைமுக ஊர். 1963இல் அங்கே பேருந்துகளில் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ கறுப்பினத்தவரையும் ஆசியரையும் வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று நிறுவனம் சொன்னது. ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி போன்ற கரீபியக் குடியேறிகளும், அவர்களுக்காகப் பேசிய பால் ஸ்டீஃபன்சனும் பேருந்துப் புறக்கணிப்பை நடத்தினார்கள். ஏப்ரலில் அது தொடங்கியது, ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் இறங்கிவந்தது. வெள்ளையரல்லாத முதல் நடத்துநராக வேலைக்குச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இது வரைக்கும் போராட்ட வரலாறு. ஐந்து வருடம் கழித்து, 1968இல், செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு தெருத் திருவிழா தொடங்கியது. தொடங்கியவர்களின் பெயர்ப் பட்டியலில் ஹாக்கெட்டும் ஹென்றியும் இருக்கிறார்கள்! புறக்கணிப்பை நடத்தியவர்களே அடுத்து ஒரு கொண்டாட்டத்தை உருவாக்கினார்கள், அக்கம்பக்கத்தில் யார் யார் வாழ்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிய வேண்டும் என்பதற்காக. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். போராட்டம் முடிந்ததும் கலைந்து போகாமல், அந்த உறவைக் காப்பாற்றத் திருவிழா ஒன்றைக் கட்டியெழுப்பினார்கள். பின்னாளில் மிஷெல் கர்ட்டிஸ் என்ற ஓவியர் அந்தத் திருவிழாவின் நிறுவனர்கள் ஏழு பேரின் முகங்களை அதே பகுதியின் ஏழு சுவர்களில் பெரிதாக வரைந்தார்.

அதே பிரிஸ்டலில் 1980களில் பார்ட்டன் ஹில் என்ற தொழிலாளர் பகுதியின் இளைஞர் மன்றத்தில் ஜான் நேஷன் என்ற பணியாளர், பிள்ளைகள் மன்றத்துச் சுவரில் ஸ்பிரே பெயின்ட் அடிக்க அனுமதித்தார். அங்கே சட்டத்துக்குப் பயப்படாமல் கை பழகலாம். 1989இல் 'ஆபரேஷன் ஆண்டர்சன்' என்ற பெயரில் காவல்துறை கிராஃபிட்டி வரைபவர்களைக் கூண்டோடு கைது செய்தது. முக்கியக் குற்றவாளி என்று குறிவைக்கப்பட்டவர்களில் ஒருவர் இங்கி என்ற பெயரில் வரைபவர். 2011இல் மாநகராட்சி ஆதரவோடு நெல்சன் தெருவின் கட்டிடங்களை முழுக்க ஓவியமாக்கிய விழாவை முன்னின்று நடத்தியவரும் அதே இங்கிதான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் மாறியதைவிட ஊர் அதிகம் மாறியிருந்தது, அந்த மாற்றத்தின் வேர் ஓர் இளைஞர் மன்றத்துச் சுவர்.

இசைக்காரர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கும் அங்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அடிமை வணிகத்தில் பணம் சேர்த்த எட்வர்ட் கோல்ஸ்டன் பெயரில் ஊரின் பெரிய இசை அரங்கம் இருந்தது. உலகப் புகழ் பெற்ற உள்ளூர்க் குழுவான மாசிவ் அட்டாக், அந்தப் பெயர் இருக்கும்வரை அங்கே வாசிக்க மாட்டோம் என்று வருடக்கணக்கில் மறுத்தது. 2017இல் பெயரை மாற்றுவதாக அரங்கம் அறிவித்தது. 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் கோல்ஸ்டனின் வெண்கலச் சிலையைச் சாய்த்துத் துறைமுக நீரில் தள்ளினார்கள். செப்டம்பரில் அரங்கத்துக்குப் புதுப்பெயர் வந்தது. மறுபடி வெளியே எடுத்த சிலையை, அதன்மேல் அடிக்கப்பட்டிருந்த பெயின்ட்டைத் துடைக்காமல், படுத்த நிலையிலேயே, அன்றைய பதாகைகளோடு நகர அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். ஒரு குழு 'வர மாட்டேன்' என்று சொல்வது வெளியே தெரியாத வேலை. ஆனால் ஊருக்கு ஒரே பெரிய அரங்கம் இருக்கும்போது அந்த மறுப்புக்கு எடை அதிகம், நடுத்தர நகரத்தில் உங்களுக்கு இருக்கும் பலங்களில் அதுவும் ஒன்று.

சுவரோவியத்துக்கு வருகிறேன். சுவர் கிடைத்ததும் என்ன வரைவது என்று எல்லாரும் பேச ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் பேச வேண்டியது எதிர்வீட்டுக்காரரோடு. அந்தப் படத்தை தினம் பார்க்கப்போவது அவர்தான். சுவரின் சொந்தக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை வருடம் இருக்கும், வெளிறினால் யார் செலவில் திருத்துவது, அழிக்கும்முன் எத்தனை நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 5 பாய்ன்ட்ஸ் என்ற கட்டிடத்தில் உரிமையாளரின் அனுமதியோடு வரையப்பட்ட ஓவியங்களை 2013இல் அவரே ஒரே இரவில் வெள்ளையடித்து மறைத்தார். ஓவியரின் படைப்பை அழிக்காமல் காக்கும் 1990ஆம் வருட அமெரிக்கச் சட்டம் ஒன்றை வைத்து வழக்காடி, 2018இல் 21 ஓவியர்கள் 67 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வென்றார்கள். எல்லா நாட்டிலும் அப்படிச் சட்டம் கிடையாது, அதனால் காகிதம் முக்கியம். தொழில்நுட்பமாக ஒன்றே ஒன்று: அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவரைத் தொடாதீர்கள். எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட்டும் உரிந்துவிடும், உரிந்த முகம் வரையாத சுவரைவிட மோசமாக இருக்கும்.

படம் முடிந்துவிட்டது என்று நினைப்பதும் வேண்டாம். பல பத்தாண்டுகள் ஆயுத மோதலில் சிக்கியிருந்த வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில், பாக்சைட் பகுதியில், 1971இல் துப்பாக்கிச்சூட்டில் இறந்த 14 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியின் பெரிய சுவரோவியம் இருக்கிறது. பாக்சைட் ஓவியர்கள் என்று அறியப்பட்ட மூவர் 1999இல் வரைந்தது. அவள் பக்கத்தில் ஒரு துப்பாக்கி, மேலே நிறம் தீட்டாத ஒரு வண்ணத்துப்பூச்சி. அமைதி உறுதிப்படும்வரை அப்படியே விட்டிருந்தார்கள். 2006இல் திரும்பவும் சாரம் கட்டி ஏறி, துப்பாக்கியை உடைந்ததாக மாற்றி, வண்ணத்துப்பூச்சிக்கு நிறம் கொடுத்தார்கள். ஊரின் நிலைமை மாறும்போது சுவரும் மாறியது. அங்கேயே வாழும் ஓவியர்களால்தான் இப்படிச் செய்ய முடியும். வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து மூன்று நாளில் முடித்துவிட்டுப் போகும் நட்சத்திர ஓவியரால் முடியாது. உங்களிடம் கொஞ்சம் பணம் இருந்தால் அதை உள்ளூர்க்காரர் கூலிக்கும், அடுத்த வருடத் திருத்த வேலைக்கும் ஒதுக்குங்கள். கூலி என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். சேவைதானே என்று ஓவியரையும் தாளவாத்தியக்காரரையும் சும்மா வேலை வாங்கும் குழு, வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தங்கும் குழுவாகச் சீக்கிரமே சுருங்கிவிடும்.

பணமே இல்லையென்றால் பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள சாமர்வில்லைப் பாருங்கள். 2006இலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் 'ஹாங்க்' என்ற பெயரில், போராட்டங்களில் வாசிக்கும் பேண்டு வாத்தியக் குழுக்கள் அங்கே கூடுகின்றன. டிரம்பெட், டிராம்போன், பெரிய முரசு. மேடை இல்லை, மைக் செட் இல்லை, நுழைவுக்கட்டணம் இல்லை. வெளியூர்க் குழுக்கள் உள்ளூர்க்காரர்கள் வீடுகளில் தங்குகின்றன, கடைசி நாளில் எல்லாரும் ஊர்வலமாகப் பக்கத்து நகரம்வரை நடக்கிறார்கள். மின்சாரம் வேண்டாத வாத்தியத்தை யாரும் பிளக்கைப் பிடுங்கி நிறுத்த முடியாது, நடந்துகொண்டே வாசிக்கலாம், பாதி தெரிந்தவரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் எந்தத் தோல்வாத்தியம், எந்த ஊதுவாத்தியம் ஏற்கனவே ஆட்கள் கையில் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது மாநகராட்சி அழைப்பு. இதற்குப் பதில் சொல்லும்முன் பொலோன்யாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இத்தாலியின் பல்கலைக்கழக நகரம், நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள். ப்ளூ என்ற புனைபெயரில் வரையும் ஓவியர் இருபது வருடமாக அந்த ஊர்ச் சுவர்களில் வரைந்திருந்தார். 2016இல் ஓர் அருங்காட்சியகம் தெருவோவியக் கண்காட்சி நடத்தியது, சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த ஓவியங்களையும் அதில் வைத்தது. ஓவியரிடம் கேட்கவில்லை. அந்த மார்ச் மாதம் ப்ளூ, ஊரிலிருந்த தன் ஓவியங்கள் அத்தனையையும் சாம்பல்நிறப் பெயின்ட்டால் அழித்தார். உதவிக்கு வந்தவர்கள் எக்ஸ்.எம்.24, கிராஷ் என்ற சமூகக் கூடங்களின் ஆட்கள், அவருடைய ஓவியத்தைத் தங்கள் சுவரிலேயே வருடக்கணக்கில் வைத்திருந்தவர்கள். ஊரில் பலருக்கு அது பெரிய துக்கம். எனக்கும் அந்தப் படங்களை இழந்ததில் வருத்தம் உண்டு. ஆனால் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் தெருவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததைப் பெயர்த்து டிக்கெட் வாங்கியவர்களுக்குக் காட்டுவதற்கு வேறு எந்தப் பதிலும் போதாது. எக்ஸ்.எம்.24 பழைய காய்கறிச் சந்தைக் கட்டிடத்தில் 2002இலிருந்து இயங்கியது. 2019 ஆகஸ்டில் அதையும் காலி செய்ய வைத்தார்கள். ஓவியத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசிய ஊரில் ஓவியர்கள் கூடும் இடத்தைப் பாதுகாக்க முடியவில்லை.

ஆகவே போங்கள், ஆனால் என்ன கேட்பது என்று தீர்மானித்துக்கொண்டு போங்கள். விழா மூன்று நாளில் முடியும், அதற்காக அவர்கள் ஒதுக்கும் தொகையில் பெரும்பகுதி மேடைக்கும் விளம்பரத்துக்கும் போகும். அதற்குப் பதிலாகப் பூட்டிக்கிடக்கும் ஒரு நகராட்சிக் கட்டிடத்தைப் பத்து வருடக் குத்தகைக்குக் கேளுங்கள். எந்த ஊரிலும் அப்படி ஒன்றாவது இருக்கும், பழைய பள்ளி, மூடிய வார்டு அலுவலகம், பயன்படாத கிடங்கு. சுவர்களில் என்ன வரைவது என்பதை முன்கூட்டியே அதிகாரி ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், ஒப்புதல் தரும் குழுவில் அந்தத் தெருவாசிகள் பாதிப்பேர் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். குடிசைகளை அகற்றப்போகும் தெருவுக்கோ, வாடகை ஏறிக்கொண்டிருக்கும் பகுதிக்கோ அழகு சேர்க்கக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். அங்கே நீங்கள் வரையும் பூ அடுத்த வருடம் வீட்டுமனை விளம்பரத்தில் வரும், அதைப் பார்த்து வளர்ந்த குடும்பம் ஊருக்கு வெளியே போயிருக்கும்.

மறுத்தால் உறவு கெட்டுவிடாதா என்று உங்களில் சிலர் கேட்பார்கள். நடுத்தர நகரத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான், நாளைக்கு அதே அதிகாரியிடம்தான் ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டுப் போக வேண்டும். அதனால் மறுப்பை எழுத்தில், மரியாதையாக, காரணத்தோடு கொடுங்கள். அதே கடிதத்தில் நீங்கள் செய்யத் தயாராக இருக்கும் வேறொரு வேலையையும் சொல்லுங்கள், அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவரையோ பேருந்து நிலையத்தில் மாதம் ஒரு மாலை இசையையோ. நகல் ஒன்றைக் குழுவின் கோப்பில் வையுங்கள், கவுன்சிலருக்கு ஒன்று. குழுவில் யார் கையெழுத்துப் போடுவது, பணம் வந்தால் யார் கணக்கு வைப்பது என்பதை அழைப்புக்குப் பதில் போடும் முன்னாலேயே எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள், அந்தக் கூட்டத்துக்குப் பெண்களும் வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரமாகப் பார்த்து.